மஞ்சள் அட்டை எண் 612

மடிப்பக்காவுக்கு அரிப்பு ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பதினோராவது படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது. அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு எடுத்து, மடித்து, அடுக்க வேண்டும். அவள் மடித்த மடிப்பில் விரலை வைத்தால் கீறிவிடும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். பெயர் அப்படி வந்ததுதான். அம்மாவும் அப்பாவும் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது.

அரித்தது பிறப்புறுப்பில். இதை எவ்வளவு சுலபமாக எழுதிவிட முடிகிறது பாருங்கள். அவளால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பக்கத்து உருளையில் நிற்கிறவளிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை எரிச்சலும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை திரிந்த பால்போல வெள்ளையாகப் பட்டது. கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பார்த்தவள், தன் கணக்கு முடிந்தது என்று முடிவு செய்துவிட்டாள்.

காரணம் அக்கா. உடன்பிறந்த ஒரே அக்கா. ஐந்து வருடம் முன்பு அவளும் முதலில் இதைத்தான் சொன்னாள், சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி. "ரொம்ப அரிக்குதுடி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதான் இருக்கேன். பாத்துக்கிட்டு இருக்காங்க." அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார். அதற்குப் பிறகு அக்கா ஏழு வாரம் இருந்தாள்.

அக்காவின் கைப்பையில் கடைசியாகக் கிடைத்தவை ஒரு சீப்பு, ஒரு சாவி, ஒரு மஞ்சள் அட்டை. அட்டையில் பெரிய எழுத்தில் 17 என்று இருந்தது. கீழே மூன்று ரப்பர் முத்திரைகள், மூன்றிலும் 'மீண்டும் 90 நாள்'. என்ன அட்டை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. மடிப்பக்கா அதைத் தன் துணி அலமாரியில், அடித்தட்டில் விரித்த காகிதத்துக்குக் கீழே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊரில் பெரியது அது ஒன்றுதான். பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தவர் எங்கே தொந்தரவு என்று கேட்டார். சத்தம் மூன்று பெஞ்சு தாண்டிக் கேட்டது. அவள் தரையைப் பார்த்தாள். அவர் தன்னிடம் இருந்த பட்டியலைத் தலை, நெஞ்சு, வயிறு, கை, கால் என்று உரக்க வாசித்து, ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லையென்று தலையசைக்க வேண்டியதாயிற்று. கடைசியில் 'இதர' என்று எழுதிக்கொண்டார். அவர் பட்டியலில் பெண்கள் இடுப்போடு முடிந்துவிடுகிறார்கள்.

பெண்கள் பிரிவில் இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார், பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்து ஒரு குழாயில் போட்டார். இது என்ன என்று மடிப்பக்கா கேட்டாள். டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். 'ரிப்போர்ட் வருமுன் எதுவும் சொல்லக் கூடாது' என்று அதில் இருந்தது. ரிப்போர்ட் வரட்டும் என்றார். அவர் முகத்தில் இருந்தது வெறும் தயக்கம்தான். மடிப்பக்கா அதை மரணச் செய்தியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ரிப்போர்ட் டாக்டரம்மாவிடம் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அது போகாது. இதற்கு ஒரு முன்கதை உண்டு.

ஐந்து வருடம் முன்பு புதுக் கட்டடத்தைத் திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். பேசிக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து கறுப்பாகப் பூஞ்சை பிடித்த காரை ஒன்று, இவ்வளவு பெரிய துண்டு, அவர் தலையில் பொத்தென்று விழுந்தது. அவருக்குக் காயமில்லை. ஆனால் நிர்வாகத்துக்குக் காயம். மறுநாளே 'பூஞ்சை ஒழிப்புக் குழு' அமைத்தார்கள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் எங்கே பூஞ்சை கண்டாலும், யார் கண்டாலும், அந்தத் தகவல் நேராகக் குழுவுக்குத்தான் போக வேண்டும், வேறு யாருக்கும் போகக் கூடாது என்று ஓர் உத்தரவு. பரிசோதனைக்கூடமும் வளாகத்துக்குள்தான் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணாடித் தகட்டில் ஈஸ்ட் பூஞ்சை தெரிந்தால் அதுவும் பூஞ்சைதான். உத்தரவில் கூரைக்கு ஒரு சட்டம், மனுஷிக்கு ஒரு சட்டம் என்று பிரிக்கவில்லை.

பத்தாவது நாள் மடிப்பக்காவைக் குழு அழைத்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். வலப்பக்கம் கட்டட இன்ஜினியர், கையில் ஈரம் அளக்கும் கருவி. இடப்பக்கம் எழுத்தர், கையில் படிவம். டாக்டர் என்று யாரும் இல்லை. எழுத்தர் எடுத்த எடுப்பிலேயே ஓர் அட்டையை எழுதி அவள் பக்கம் நகர்த்தினார்.

மஞ்சள் அட்டை. 612.

மடிப்பக்கா அதைத் தொடாமல் பார்த்தாள். அதே மஞ்சள், அதே எழுத்து, அதே வட்ட முத்திரை. ஆக, இது சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. அக்காவுக்குப் பதினேழு, தனக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு. நடுவில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று கணக்குப் போடக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தர் படிவத்தை வாசிக்க ஆரம்பித்தார். இடத்தின் வயது? நாற்பத்து மூன்று. கடைசியாக வெள்ளையடித்தது? அவள் விழித்தாள். 'தகவல் இல்லை' என்று எழுதிக்கொண்டார். வெயில் படுமா? காற்றோட்டம் உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஈரம்? சலவைக்கூடத்தில் இறுக்கமான பாலியெஸ்டர் கால்சட்டைதான் சீருடை, நீராவிக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் வேர்த்து ஊற்றும் என்று அவள் சொன்னாள். உருப்படியான பதில் அது ஒன்றுதான். அதை எழுத அங்கே கட்டம் இல்லை.

"கசிவின் நிறம்?"

"வெள்ளைங்க."

இன்ஜினியர் திருப்தியோடு தலையாட்டினார். வெள்ளை என்றால் சுண்ணாம்பு, கவலைக்கிடமில்லை என்றார்.

அவள் எப்படியோ தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, தான் சுவர் இல்லை என்பதைச் சொன்னாள். தலைவர் புண்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நிறைய மேடை ஏறியவர் என்று அந்த ஒரு செய்கையிலேயே தெரிந்தது.

"நீங்க சுவர் இல்லன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும்மா. நாங்க படிச்சவங்க. ஆனா படிவம் ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்குன்னு தனிப் படிவம் அடிக்கணும்னா அதுக்கு ஒரு குழு போடணும். அந்தக் குழுவுக்கும் நான்தான் தலைவரா இருக்கணும். எனக்கு நேரம் இல்ல. இந்த ஆஸ்பத்திரில பூஞ்சையே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்களுக்குத் தெரியாம ஒரு பூஞ்சைகூட இல்ல. அஞ்சு வருஷமா ஒண்ணையும் விடாம எழுதி வெச்சிருக்கோம். ஒழிக்கிறது யார் வேணும்னாலும் ஒழிப்பாங்க. எழுதி வெக்கிறதுக்குத்தாம்மா ஆள் வேணும்."

அவளுக்கு இதில் எதுவும் காதில் ஏறவில்லை. பிழைப்பேனா என்று மட்டும் கேட்க நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "மருந்து ஏதாச்சும்..."

மருந்து கூடவே கூடாது என்றார் தலைவர். மருந்து போட்டால் பூஞ்சை போய்விடும். பூஞ்சை போய்விட்டால் ஆய்வு செய்ய ஆதாரம் இருக்காது. தொண்ணூறு நாள் கண்காணிப்பு. ஆனாலும் குழுவுக்கு ஈரம் இல்லாத நெஞ்சு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? இடையில் வேறு கிருமி ஏதும் வந்துவிடாமலிருக்க, வருகிற எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பதினான்கு நாளுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அட்டையில் ரப்பர் முத்திரை விழுந்த சத்தத்தில் அவள் தூக்கிவாரிப்போட எழுந்தாள்.

மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டாள். அரிப்பு இரண்டு மடங்காயிற்று. நடந்தால் எரிந்தது, உட்கார்ந்தால் எரிந்தது, சிறுநீர் கழிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அக்காவுக்கும் இப்படித்தானே நாளுக்கு நாள் கூடிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் இன்ஜினியர் வீடு தேடி வந்தார். வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் பார்க்கிறவர், விஷயம் தெரியாத அப்பாவி. ஆஸ்பத்திரியிலிருந்து ஈரம் அளக்க வந்திருக்கிறார்கள் என்றதும், எத்தனை வருடமாகப் புகார் கொடுத்தோம், இன்றைக்காவது வந்தார்களே என்று குளியலறைச் சுவரை ஆசையாகக் காட்டினார். இன்ஜினியர் சுவரை அளந்தார். வாளியை அளந்தார். கொடியில் காய்ந்த உள்பாவாடையையும் அளந்து, கொஞ்சம் ஈரம் என்று குறித்துக்கொண்டார். போகும்போது கதவில் ஒரு பலகையை ஆணியடித்தார். 'இங்கே பூஞ்சை ஆய்வில் உள்ளது. கலைக்கக் கூடாது.'

இதே மாதிரிப் பலகை ஒன்று மறுநாள் சலவைக்கூடத்தில் அவளுடைய உருளையிலும் தொங்கியது. மேலாளர் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் விரிப்புகளைத் தொட வேண்டாம், கிடங்கில் உட்கார்ந்து எண்ணினால் போதும் என்றார். கூட வேலை பார்த்தவர்கள் அவள் உட்கார்ந்த முக்காலியில் உட்காரவில்லை. அவளும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. அவளே தன்னைக் கண்டு பயந்துபோயிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துணி அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினாள். இது கல்லூரி விடுதியில் இருக்கிற மகளுக்கு, இது நாத்தனாருக்கு, இது பக்கத்து உருளைக்காரிக்கு என்று பிரித்துப் பிரித்து மடித்தாள். பயத்தில் கூட மடிப்பு கோணவில்லை. வீட்டுக்காரர் வந்து பார்த்து, ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். எப்போது திரும்புவாய் என்று அவர் கேட்டதற்குத்தான் அவளுக்கு அழுகை பொங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணை உறைகளை மடித்தாள்.

மூன்றாவது வாரம் இரண்டாவது மாதிரி கொடுக்க வேண்டும் என்று குழுவிலிருந்து சீட்டு வந்தது. கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் விடுப்பில் இருந்ததால், குழாயை அவள் கையிலேயே கொடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடத்தில் அந்தக் குழு செய்த ஒரே நல்ல காரியம் இதுதான். அதுவும் தெரியாமல் செய்தது.

பரிசோதனைக்கூடம் நடைபாதையின் கடைசி அறை. மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நரைத்த தலையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மூக்கில் கண்ணாடி, நெற்றியில் இன்னொரு கண்ணாடி. மடிப்பக்கா குழாயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். இவரும் ஏதாவது சுற்றறிக்கையைக் காட்டுவார் என்று தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள்னு மட்டும் சொல்லிடுங்கம்மா."

அந்த அம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மருந்து போட்டால் மூன்று நாள், மிஞ்சிப் போனால் ஒரு வாரம் என்றார். பின்னால் ஏதோ சரிகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். மடிப்பக்கா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"ஐயையோ, சரியாப் போறதுக்கும்மா. சரியாப் போறதுக்கு மூணு நாள்."

தண்ணீர் கொடுத்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தான் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். சின்னச் சின்ன உருண்டைகள் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து நிற்பதை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். இது ஈஸ்ட். பெண்களில் நான்கு பேரில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருவது. எப்போதும் உடம்பில் கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயா என்று கேட்டார். பல் பிடுங்கியபோது பத்து நாள் சாப்பிட்டதை மடிப்பக்கா சொன்னாள். இப்போது குழு கொடுத்த பதினான்கு நாளையும் சொன்னாள். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அங்க காவலுக்குன்னு நல்ல கிருமி இருக்கும்மா. அந்த மாத்திரை அதையும் சேத்துக் கொன்னுடும். அப்புறம் இது பெருகத்தானே செய்யும். நோயை வளத்துவிட்டுட்டு நோட்டுல எழுதிக்கிறாங்க."

இறுக்கமான துணியும் வேர்வையும் சேர்ந்தால் இன்னும் சௌகரியம் அதற்கு. பருத்தித் துணி போடு, சோப்பு போட்டு உள்ளே கழுவாதே, இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு என்றார். பூஞ்சைக்கென்றே களிம்பு இருக்கிறது, உள்ளே வைக்கிற மாத்திரை இருக்கிறது. பெண்கள் பிரிவு டாக்டரம்மா சாயங்காலம் வெளியே வைத்து நடத்தும் கிளினிக்கில் எழுதிக் கொடுப்பார், அங்கே சுற்றறிக்கை கிடையாது என்றார்.

"அப்போ இது புத்துநோய் இல்லையா?"

இல்லை என்றார் அந்த அம்மா. இது அதுவாக மாறவும் மாறாது. அதைக் கண்டுபிடிக்க வேறு பரிசோதனை. உன் வயதுக்கு அதையும் எடுத்துவிடு, எல்லாரும் எடுக்க வேண்டியது. ஆனால் இது அது இல்லை.

மடிப்பக்காவுக்கு இத்தனை வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். வாசல் வரை போனவள் நின்றாள். அந்த நிம்மதிக்குள் ஏதோ நெருடியது. இந்த மஞ்சள் அட்டை பூஞ்சைக்கான அட்டை. சாகிறவர்களுக்கான அட்டை இல்லை. அப்படியானால் அக்கா?

திரும்பி வந்து பதினேழாம் எண்ணைப் பற்றிக் கேட்டாள். மூன்று முத்திரையையும் சொன்னாள். அந்த அம்மா நெற்றியில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஈஸ்ட் இருந்துச்சுன்னு நான்தான் எழுதி அனுப்பிச்சிருப்பேன். அதுக்கப்புறம் அவங்க என்ன எழுதினாங்கன்னு அவங்க பதிவேட்டுல இருக்கும். போய்க் கேளுங்கம்மா. எனக்குக் கேக்கத் தைரியம் வரல."

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மருந்தை ஆறு நாள் வைத்தாள். மூன்றாவது நாளே அரிப்பு அடங்கிற்று. சர்க்கரை இல்லை. மற்ற பரிசோதனையும் எடுத்தாள், அதன் முடிவு வரும் வரை சோறு இறங்கவில்லை, ஒன்றுமில்லை என்று வந்தது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கதவில் இருந்த பலகையைப் பெயர்த்தார்.

தொண்ணூறாவது நாள் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். இன்ஜினியர் தன் கருவியை அவள் பக்கம் நீட்டிப் பார்த்துவிட்டு, உலர்ந்துவிட்டது என்றார். தலைவர் எழுந்து அவளை வாழ்த்தினார். இதுவரை கண்காணிப்பு முடிந்தவை அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்கள், அதில் ஐந்நூற்றுத் தொண்ணூறு முழுமையாக உலர்ந்தன, இந்த மாதிரி வெற்றி விகிதம் வேறெங்கும் கிடையாது என்றார். எழுத்தர் கை தட்டினார்.

மடிப்பக்கா அக்காவின் அட்டையை மேஜையில் வைத்தாள்.

"இந்த நம்பர் என்னாச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

தலைவருக்கு மகிழ்ச்சி. பதிவேட்டைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஐந்து வருடமாகக் காத்திருந்தவர் அவர். எழுத்தர் முதல் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி வாசித்தார்.

"எண் பதினேழு. இடத்தின் வயது நாப்பத்தி நாலு. வெள்ளையடித்த தேதி, தகவல் இல்லை. கசிவின் நிறம், முதல் தொண்ணூறு நாள் வெள்ளை. இரண்டாவது தொண்ணூறு நாள்..." எழுத்தர் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "சிவப்பு. இன்ஜினியர் குறிப்பு: பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது, கண்காணிப்பு தொடரலாம். மூன்றாவது தொண்ணூறு நாள், சிவப்பு, அதிகம். கண்காணிப்பு தொடரலாம். நாலாவது தடவை வரல." பக்கத்தின் கடைசி வரியை அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். "இடம் உலர்ந்தது. நன்று."

வராத இடத்தை உலர்ந்ததாக எடுத்துக்கொள்வதுதான் குழுவின் வழக்கம் என்று தலைவர் விளக்கினார். ஈரம் இருந்தால் வந்திருப்பார்கள் இல்லையா?

"அது எங்க அக்கா. ரத்தம் போகுதுன்னு ரெண்டு தடவை உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா. செத்து நாலு வருஷம் ஆச்சு."

இன்ஜினியர் தன் கருவியின் பித்தானை அழுத்தி அணைத்தார். எழுத்தர் பேனாவைத் திறந்து பதிவேட்டின் மேல் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். திருத்த வேண்டுமா என்று கேட்டார். தலைவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது.

"வேண்டாம். உலர்ந்ததுங்கறதுல மாற்றமில்லையே."

மடிப்பக்கா இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே பெஞ்சில் நான்கைந்து பெண்கள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். புது மஞ்சள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே வெறித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. அந்த முகம் மடிப்பக்காவுக்குத் தெரிந்த முகம்.

அவள் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. சலவைக்கூடத்தில் உருளைச் சத்தத்துக்கு மேலே பேசுவாளே, அந்தக் குரலிலேயே, மூன்று பெஞ்சு தாண்டிக் கேட்கும்படி பேசினாள்.

"அரிப்பாம்மா? வெள்ளையாப் படுதா, சிவப்பாப் படுதா? வெள்ளைன்னா பயப்படாத, மருந்து இருக்கு. சிவப்புன்னா ஒரு நாள்கூட இங்க உக்காராத. எந்திரி, நான் கூட வரேன்."

மற்ற பெண்கள் தலையைத் தூக்கினார்கள். கடைசியில் இருந்தவள் தன் அட்டையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, எழுந்து, இவர்கள் பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.